கன்னத்துக்கு மூன்று சிவப்பு

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே என் தம்பி மகள் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். முழங்கால் வலிக்கு ஏதோ தைலம் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாளே என்று போன மாதம் போயிருந்தேன். தைலத்தைக் கண்ணில் காட்டவில்லை. ஒரு டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே ஆறு குழி, ஆறு சிவப்பு.

"அத்தை, இது கன்னத்துக்கு அடியில, இது நடுவுல, இது எலும்பு மேல. மூஞ்சி ஒல்லியா தெரியும். உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்றாள். அங்கே வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சிரித்ததற்காக இல்லை. எங்கள் காலத்தில் இது உண்டா என்று கேட்டதற்காகக்கூட இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான்தான் கன்னத்தையே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ளும், அது போகட்டும். "ஒல்லியா தெரியும்" என்றாளே, அதற்காகத்தான். அந்த வார்த்தைக்குத் தலையாட்டி ஒரு பெண்ணின் பேரையே நான் கெடுத்திருக்கிறேன். அங்கே அதைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் ஒருத்திக்குப் போன் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். தாள் எழுந்து போகாது.

திருவள்ளூர் பஜாரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. முதலாளிக்கு ஆந்திர எல்லைப் பக்கத்துப் பூர்வீகம். ஊரே அவரை நைனா என்று கூப்பிடும். பெண்ணைப் பார்க்க வருவதற்கு முன்னால் படம் அனுப்பும் வழக்கம் அறுபதுகளில் எங்கள் பக்கம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. படத்துக்கு முகம் திருத்த வேண்டும். ஆனால் கல்யாணமாகாத பெண்ணின் கன்னத்தில் ஓர் ஆண்பிள்ளை விரலை வைத்தால் அந்தக் குடும்பம் ஸ்டூடியோவைக் கொளுத்திவிட்டுத்தான் போகும். நைனாவின் மனைவி ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு, தினமும் இத்தனை தாய்மார்களோடு மல்லுக்கட்ட முடியாது என்று உதறிவிட்டாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றுவிட்டு வீட்டில் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை வந்தது. பெயர் சரோஜா, சீக்கிரமே 'டச்சப் அக்கா' ஆகிவிட்டேன்.

சொல்லிக்கொடுத்தவர் நைனாவின் சிநேகிதர், மதராஸில் நாடகங்களுக்கு மேக்கப் போடுகிறவர். நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் முகத்தைத் தொடுவது முறையில்லை என்று தன் முகத்திலேயே போடச் சொன்னார். நான் அவர் கன்னத்தைத் தொட்டதற்கே என் அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு.

வேலை இதுதான். மூன்று தகர மூடிகளில் மூன்று சிவப்பு குழைத்து வைப்பேன். அடிச்சிவப்பில் பழுப்புப் பூச்சு பாதிக்குப் பாதி கலந்திருக்கும். நடுச்சிவப்பு வெறும் ரூஜ், அதாவது கன்னச்சாயம். மேல்சிவப்பில் முகப்பவுடர் நிறையச் சேர்த்திருப்பேன். சிவப்பு என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். வந்தவளை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, "ஊ" என்று உதட்டைக் குவிக்கச் சொல்வேன். காதுக்கு முன்னாலிருந்து வாயோரம் நோக்கி ஒரு பள்ளம் விழும். அடிச்சிவப்பு அந்தப் பள்ளத்தில், காதுப் பக்கம் அழுத்தமாகத் தொடங்கி, கண்மணிக்கு நேர் கீழே வருவதற்குள் ஒன்றுமில்லாமல் கரைந்துவிட வேண்டும். அதைத் தாண்டி ஒரு விரற்கடை முன்னால் வந்தால் முகம் குரங்காகிவிடும். நடுச்சிவப்பு கன்னத்துச் சதையில். மேல்சிவப்பு எலும்பின் மேல், புருவ நுனியை நோக்கி ஏற்றி. பிறகு மூன்றுக்கும் எல்லை தெரியாமல் பஞ்சால் ஒற்றியெடுக்க வேண்டும்.

இதிலும் ஒரு பேஜாரு உண்டு. என் எதிரில் உட்காரும்போது கூச்சத்தில் எல்லாப் பெண்களும் சிரிப்பார்கள். சிரித்தால் கன்னச்சதை மேலே ஏறும். ஏறிய இடத்தில் நடுச்சிவப்பை வைத்தால், கேமரா முன்னால் போய் உம்மென்று நின்றதும் சதை இறங்கி, சிவப்பும் தாடைக்கு வந்துவிடும். அதனால் நான் சிரிக்கவே விட மாட்டேன். சிடுமூஞ்சி என்று எனக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

இதற்கு மேல் பிலிம் என்று ஒன்று இருக்கிறது. நான் சேர்ந்தபோது ஓடிய பழைய பிலிமுக்குச் சிவப்பு என்றால் குருடு. சிவப்பெல்லாம் அதில் கறுப்பு. ஆரோக்கியமாக இருக்கட்டும் என்று கன்னத்தில் ரோஸ் வைத்தால் படத்தில் அங்கே குழி விழுந்திருக்கும். மஞ்சள் பூசிய முகமும் கறுக்கும். எனவே முதல் வேலை கடலைமாவு போட்டு மஞ்சளைக் கழுவவைப்பது. கன்னச்சதையில் சிவப்பே கிடையாது; பள்ளத்தில் மட்டும் ஒரு கோடு. நேரில் பார்க்கச் சோகை பிடித்தவள் மாதிரி இருப்பாள். படத்தில் மகாலட்சுமியாக வருவாள். அதை எந்தத் தாய் நம்பினாள்? "இன்னாம்மா, பொண்ணு ரத்தமே இல்லாத மாதிரி கீது!" என்று சொல்லி, நான் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் இடுப்பிலிருந்து குங்குமத்தை எடுத்து மகள் கன்னத்தில் தேய்த்துவிடுவார்கள். நைனா கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து உச்சுக்கொட்டுவார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

சில வருடத்தில் புதுப் பிலிம் வந்தது. கண் பார்ப்பதை ஏறக்குறைய அப்படியே அது பார்த்தது. மஞ்சள் இருந்தாலும் பாதகமில்லை. மூன்று சிவப்பும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. இனி தாய்மார்களோடு சண்டை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நிற்கிறவர் தலையை உயர்த்த வேண்டுமென்றால் கேமராவின் மரத்தில் மோதிரத்தால் ஒரு தட்டு. தாழ்த்த இரண்டு தட்டு. நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நன்றாக இல்லை என்றாலும் சொல்ல மாட்டார், தானே இருட்டறைக்குள் போய் நெகட்டிவில் பென்சிலால் திருத்திவிடுவார். இருட்டறைக்குள் யாரும் போகக் கூடாது. எந்தப் பிலிம் போட்டிருக்கிறார், எங்கே வாங்கினார் என்று கேட்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, 'தப்பு' என்ற சொல் அவர் வாயில் வராது. அந்த மனிதரிடம் நான் வேலை செய்த வருடங்களுக்கு எனக்குத் தனியாக ஒரு பென்ஷன் தர வேண்டும்.

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த புதிதில், ஒரு நாள் தனம் என்ற அம்மாள் தன் மகள் கஸ்தூரியை அழைத்துக்கொண்டு வந்தாள். திருவள்ளூருக்கு மேற்கே ஒரு கிராமம்; சொந்த நிலத்தில் நெல் விளைவிக்கும் குடும்பம். கஸ்தூரிக்கு நல்ல உருண்டை முகம், கிள்ளினால் விரல் நிறையும் கன்னம். முகம் முழுக்க மஞ்சள். படம் எடுக்கும் நாள் என்று இரண்டு பங்கு பூசி அனுப்பியிருந்தார்கள்.

"மாப்ள கும்மிடிப்பூண்டி கம்பெனில பிட்டராம். டவுனு மனுஷங்க. எங்க பொண்ணு கன்னம் உப்பிக்கினு கீது பாரு. கொஞ்சம் எளைச்சாப்ல காட்டு அக்கா" என்றாள் தனம். என்னைவிடப் பத்து வயது பெரியவள், என்னை அக்கா என்கிறாள். அன்றைக்கு அதுகூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

காட்டினேன். அடிச்சிவப்பை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வைத்தேன். நடுச்சிவப்பையும் குறைக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்த தனத்துக்கு ஒரே சந்தோஷம். இதற்கு முன் ஒரு தாய் என் வேலையைப் பார்த்து வாயார மெச்சியதில்லை. அந்த மயக்கத்தில் இருந்தேன். கை கழுவப் பின்கட்டுக்குப் போகும்போது இருட்டறைக் கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. பார்த்தேன். பார்த்தும் புத்தியில் ஏறவில்லை.

புதுப் பிலிமைக் கும்மிருட்டில்தான் கழுவ வேண்டும். சிவப்பு விளக்கு வைத்துக்கொண்டு கழுவ முடிவது, சிவப்புக்குக் குருடான பழைய வகைப் பிலிமை மட்டும்தான். நடந்தது இது: அந்தச் சமயம் பிலிமுக்குத் தட்டுப்பாடு. நைனா மதராஸில் பத்திரிகைப் படங்களுக்கு அச்சு பிளாக் செய்கிற ஒருவரிடமிருந்து அவர்கள் தொழிலுக்கு வைத்திருக்கும் பிலிமை வாங்கி வந்து, அளவுக்கு வெட்டிப் போட்டிருக்கிறார். அதுவும் சிவப்புக்குக் குருடு. போதாக்குறைக்குக் கறுப்பையும் வெளுப்பையும் வெட்டி வெட்டிக் காட்டும். "சரோஜா, பிலிம் மாத்தியிருக்கேன்" என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? அன்றைய பத்து வார்த்தையில் மூன்றை எனக்காகச் செலவழித்திருக்கக் கூடாதா? நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நடந்து போனவள் நான்தானே என்பது நினைவுக்கு வந்தால் இன்னும் கொதிக்கிறது.

படத்தை வாங்கிப்போக வந்த கல்யாணத் தரகர் அவசரப்படுத்தினார். நைனா பென்சில் வேலை செய்யாமல் படத்தைக் கவரில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டார். பெண் வீட்டார் அதைப் பார்க்கவே இல்லை. பத்து நாள் கழித்துக் கும்மிடிப்பூண்டியிலிருந்து படம் திரும்பி வந்தது, கூடவே ஒரு கேள்வியோடு: பொண்ணுக்கு எத்தனை நாளாய் இருமல்?

கஸ்தூரியின் அப்பா ராஜவேலு அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் முகம் கறுத்துக் கிடந்தது. கன்னம் இரண்டும் ஒட்டி, எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு, கண்ணுக்குக் கீழே குழி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காவது என்பார்கள்; நான் பிடித்தது அதைவிட மோசம்.

"என் தங்கச்சி காச நோய்லதான் போச்சு. ஊருக்கே தெரியும்" என்றார் ராஜவேலு. "இப்ப இந்தப் படத்தைப் பாத்துட்டு தரகன் ஊரெல்லாம் சொல்லிக்கினு போய்ட்டான். கெணத்தாண்ட எங்க பொண்ணு போனா பொம்பளைங்க குடத்தை நவுத்துக்கிறாங்க. கயிறு குடுக்க மாட்றாங்க. அதுக்கப்புறம் இன்னொரு பொண்ணு கீது எனக்கு. நான் இன்னா பண்ணுவேன்?"

நான் நைனாவைப் பார்த்தேன். நைனா படத்தைப் பார்த்தார். "கேமரா உள்ளதைத்தான் காட்டும்" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், நேரில் அன்றுதான் பார்த்தேன். ராஜவேலு படத்தை மேசையில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் எனக்குச் சிவப்பு வெளிச்சம் ஞாபகம் வந்தது. நேரே இருட்டறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். சிவப்பு பல்பு. மேசையில் பிளாக் பிலிம் டப்பா.

"இன்னா நைனா இது?"

"கத்தாதே."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு மூஞ்சில சிவப்பே வெச்சிருக்க மாட்டேனே! மஞ்சளைக் கழுவி அனுப்பியிருப்பேனே!"

"இந்த மாசம் எடுத்த படமெல்லாம் அந்தப் பிலிம்தான். ஒருத்தர் கிட்ட ஒத்துக்கினா எல்லாரும் வருவாங்க. கடையை மூடிக்கினு போக வேண்டியதுதான்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை. பயந்துபோயிருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. "நீங்க ஒத்துக்காதீங்க, நான் ஒத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மூன்று தகர மூடிகளையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பெரியபாளையத்தில் பஸ் மாறி, தூசியெல்லாம் தின்றுகொண்டு கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளை மோகன் ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். அவன் அம்மா ரங்கநாயகிக்கு மகனைவிடப் பெரிய குரல். நல்ல பூசினாற்போன்ற முகம். பிலிம், சிவப்பு, மஞ்சள் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். படம் திரும்பி வந்த கையோடு ராஜவேலு பெண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்து, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் அனுப்பியிருந்தார். அது அலமாரி மேல் கிடந்தது.

"அந்தப் படம் பொய்னு நீயே சொல்ற" என்றாள் ரங்கநாயகி.

"ஆமாம்மா."

"அதுவும் பிலிமு, இதுவும் பிலிமு. அந்தப் பிலிமு பொய் சொன்னா இந்த எக்ஸ்ரே பிலிமு மட்டும் பொய் சொல்லாதா?"

இதற்கு என்ன பதில் சொல்ல? யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் பதில் கிடைக்கவில்லை. மோகன்தான், "அம்மா, சொம்மா இரும்மா" என்றான். நான் கடைசியில் ஆத்திரத்தில் ஒன்று சொன்னேன். "நீங்க வாங்கம்மா திருவள்ளூருக்கு. அதே மஞ்சள், அதே சிவப்பு, அதே பிலிம். உங்களை எடுக்கறேன். அப்புறம் பேசுங்க."

"வரேன். எனக்கு இன்னா பயம்?" என்றாள். மோகன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ராஜவேலுவையும் கஸ்தூரியையும் நான் வரச் சொல்லியிருந்தேன். நைனா கேமராவைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். ரங்கநாயகி முகத்தில் மஞ்சளை அப்பினேன். "ஊ" சொல்லச் சொன்னேன். அடிச்சிவப்பை இரண்டு மடங்கு வைத்தேன். நான் போட்டதிலேயே மனநிறைவோடு போட்ட மேக்கப் அதுதான் என்று சொன்னால் பாவம் வந்து சேரும், இருந்தாலும் உண்மை. கண்ணாடியில் பார்த்துவிட்டு அவளே, "பரவால்லியே" என்றாள். நைனா மரத்தில் ஒரு தட்டு தட்டினார்.

ஒரு மணி நேரத்தில் ஈரப் படத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். ரங்கநாயகி ரொம்ப நேரம் பார்த்தாள். படத்தில் இருந்தவள் ஆறு மாதம்கூடத் தாங்க மாட்டாள். "ஐயையோ, யாருடா மோகனா இவ?" என்றாள். குரல் பாதியாகிவிட்டது. முந்தானையால் தன் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள். பிறகு கஸ்தூரியைப் பக்கத்தில் கூப்பிட்டு, முகத்தை நிமிர்த்தி, வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எங்களுக்குச் சம்மதம்" என்றாள் ராஜவேலுவிடம். அந்தக் கல்யாணம் நடந்தது, இப்போதே சொல்லிவிடுகிறேன். இத்தோடு முடிந்தது என்று நானும் மூடிகளைக் கழுவ எழுந்தேன். அதுவரை வாயே திறக்காத கஸ்தூரி பேசினாள்.

"கல்யாணம் ஆனா நான் கும்மிடிப்பூண்டி போய்டுவேன். என் தங்கச்சி அதே கெணத்துலதான் தண்ணி எடுக்கணும். அங்க வந்து யாராவது சொல்லுங்க." யாராவது என்றாள், ஆனால் நைனாவைத்தான் பார்த்தாள்.

நான், "நான் வரேன்மா" என்றேன்.

"நீங்க வந்தா, மேக்கப் போட்டவ சமாளிக்கிறான்னு சொல்வாங்க அக்கா" என்றாள்.

நைனா மோதிரத்தைத் திருகிக்கொண்டு நின்றார். மறுநாள் காலை நான் கடைக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. நைனா சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு, இரண்டு படங்களையும் கவரில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். "வா" என்றார். போனோம்.

கிணற்றடியில் ஆறேழு பெண்கள் இருந்தார்கள். கஸ்தூரி குடத்தோடு ஓரமாக நின்றிருந்தாள். முதலில் குடத்தை நகர்த்திக்கொண்டவள் என்று ராஜவேலு சொன்ன கன்னியம்மா ராட்டினத்துக்குப் பக்கத்தில் கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து நிற்கவும் எல்லாரும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நைனாவுக்கு வேர்த்துக் கொட்டியது. தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான் இந்தப் பொண்ணைப் படம் எடுத்தவன். பிலிம் மாத்திப் போட்டுட்டேன். பொண்ணுக்கு ஒண்ணும் இல்லை. தப்பு என்னுது" என்றார்.

அவர் கவரைத் திறந்து ரங்கநாயகியின் படத்தை நீட்டினார். "இது மாப்ளயோட அம்மா, நல்லா இருக்கறவங்க, அதே பிலிம்ல எடுத்தேன். அவங்களும் இப்படித்தான் வந்தாங்க. பாருங்க."

படம் கை மாறிக் கை மாறிப் போனது. கன்னியம்மா வாங்கிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு நெஞ்சில் கைவைத்து, "அடப் பாவமே! மாமியாக்காரிக்கும் இருக்குதா?" என்றாள்.

இன்னொருத்தி எட்டிப் பார்த்து, "ஆமாண்டி, முத்திப்போச்சு போல கீது. அதான் சம்மதம் சொல்லிட்டாங்க. பொருத்தமான எடந்தான்" என்றாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் தலையில் அடித்துக்கொண்டேன். பஸ் பிடித்து, வெயிலில் நடந்து, 'தப்பு' என்ற சொல்லை அந்த மனிதர் வாயிலிருந்து வரவழைத்து, எல்லாம் இதற்கா? நைனா வாயைத் திறந்தபடி நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கஸ்தூரி சிரித்தாள். முதலில் கையால் வாயை மூடிப் பார்த்தாள், முடியவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்து மணி வெயில் நேராக முகத்தில் அடித்தது. கன்னம் இரண்டும் உருண்டு திரண்டு கண்ணையே மூடிவிட்டன. மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நிற்பாள், கன்னியம்மாவின் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி சிரிப்பாள். ஒரு தடவைகூட இருமவில்லை. கன்னியம்மா படத்தைப் பார்த்தாள், கஸ்தூரியைப் பார்த்தாள். அவளுக்கும் உதட்டோரம் துடித்தது.

"சரி, சரி, நிறுத்துடி. இந்தா கயிறு" என்றாள்.

கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை வாங்கினாள். தண்ணீர் இறைத்து, தன் குடத்தை நிரப்பி, கன்னியம்மாவின் குடத்திலும் ஒரு வாளி ஊற்றினாள். கன்னியம்மா குடத்தை நகர்த்தவில்லை.